கார்புரேட்டர் வண்டியில் காற்று-பெட்ரோல் கலவை சரியா என்று பார்க்க, புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் பொருத்தலாமா?

தாராளமாகப் பொருத்தலாம். ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த சென்சார் என்பதுதான் முதல் கேள்வி. பழைய நேரோபேண்ட் வகை வேண்டாம். அதன் மின்னழுத்தம் 0.45 வோல்ட்டுக்கு மேல் போனால் ரிச் (பெட்ரோல் அதிகம்), கீழே இறங்கினால் லீன் (பெட்ரோல் குறைவு) என்று மட்டும் சொல்லும். பெட்ரோலுக்குச் சமநிலையான 14.7:1 (எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல்) என்ற விகிதத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரியும், எவ்வளவு தூரம் என்று தெரியாது. முழு ஆக்சிலரேட்டரில் நமக்கு வேண்டியது ஏறக்குறைய 12.5 முதல் 13 வரை. அங்கே அதனால் பயனில்லை. விகிதத்தை எண்ணாகவே காட்டும், பாஷ் எல்எஸ்யு 4.9 போன்ற வைட்பேண்ட் சென்சாரை, அதற்கான கன்ட்ரோலரோடு வாங்குங்கள்.

அடுத்தது பொருத்தும் இடம். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் அளக்கிறது. அதற்கு முன்னால் கேஸ்கெட்டில் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, நல்ல கலவையையும் லீன் என்று காட்டும். குழாயின் வால்முனைக்கு அருகில் வைத்தாலும் இதே கதிதான். அதனால் எஞ்சின் பக்கமாக, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதற்கு முன்பாக, 18 மி.மீ. மரை உள்ள வளையத்தை வெல்டிங் செய்யுங்கள். வெல்டிங்கின்போது சென்சார் அதில் இருக்கக் கூடாது. குழாயின் மேல்பாதியில், கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது உயர்த்தி, முனை கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். குளிர்ந்த குழாயில் தேங்கும் நீர், சென்சாரின் சூடான பீங்கானில் பட்டால் விரிசல் விட்டுவிடும்.

சரி, மீட்டர் ஓடத் தொடங்கியதும் உடனே கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற்றிவிடாதீர்கள். ஒரு சிலிண்டர் தீப்பிடிக்காமல் விட்டால் அதிலுள்ள ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். வண்டி ரிச்சாக ஓடினாலும் மீட்டர் லீன் என்றே சொல்லும். முதலில் பிளக்கையும் இக்னிஷனையும் பாருங்கள். அப்புறம், ஐட்லிங்கில் பைலட் ஜெட், ஆக்சிலரேட்டரின் பாதி திறப்பில் நீடில் (ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஊசி), முழுத் திறப்பில் மெயின் ஜெட் என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டு மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் 14.7 பொருந்தாது. மீட்டரை லாம்டா அளவில் (இருக்கும் விகிதத்தைச் சமநிலை விகிதத்தால் வகுத்த எண்) வையுங்கள், 1 என்றால் எந்த எரிபொருளுக்கும் சரியான சமநிலை.

வேலை முடிந்ததும் சென்சாரை மின்இணைப்பு இல்லாமல் குழாயில் விட்டுவைக்காதீர்கள். சூடேறாத சென்சாரில் கரி படிந்து சீக்கிரம் கெட்டுவிடும். கழற்றிவிட்டு, அந்த மரையில் ஒரு அடைப்பு போல்ட்டை முறுக்கிவிடுங்கள்.