ஓபரா அரங்குகளில் செட்டுகளும் உடைகளும் எப்படித் தயாராகின்றன? சினிமா செட்டிலிருந்து அவை எப்படி வேறுபடுகின்றன?

ஆயத்த ஆடைத் துறையில் பேட்டர்ன் வெட்டும் தொழில் செய்பவன் நான். தொழில் நிமித்தமாக மிலான் நகருக்குச் சென்றிருந்தபோது, லா ஸ்காலா என்ற ஓபரா (பாடியே நடிக்கும் மேலை இசைநாடகம்) அரங்கின் பட்டறைகளை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அன்று தொடங்கிய ஆர்வத்தில் பிறகு தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இந்த விடையை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சினிமா செட் பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துப் போடப்படுகிறது. படச்சுருளில் பதிந்தபின் அதற்கு வேலை இல்லை. ஓபராவுக்காகச் செய்த செட்டும் உடையும் பல ஆண்டுகள், சில சமயம் பல தலைமுறைகள், மீண்டும் மீண்டும் மேடையேற வேண்டும். வியன்னா அரசு ஓபரா அரங்கில் 1958இல் முதன்முதலாக மேடையேறிய இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'டோஸ்கா' ஓபராவின் தயாரிப்பு, அதே காட்சியமைப்புடன் 600 முறைக்கு மேல் நடந்திருக்கிறது. லண்டன் ராயல் ஓபராவில் 1974இல் வந்த 'லா போஎம்' தயாரிப்பு 2015 வரை நீடித்தது. முதல் நாள் பாடியவர்கள் ஓய்வு பெற்று, அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஓய்வு பெற்ற பிறகும், அதே சுவரும் அதே படிக்கட்டும் நின்று வேலை செய்தாக வேண்டும் என்றால் அவற்றைச் செய்யும் முறையே மாறிவிடுகிறது.

லா ஸ்காலா அரங்கம் 1778இல் திறக்கப்பட்டது. நகரின் நடுவில் நெருக்கமான தெருக்களுக்கிடையே நிற்கும் அந்தக் கட்டடத்தில் பெரிய பட்டறைகளுக்கு இடமில்லை. எனவே அன்சால்டோ நிறுவனத்தின் பழைய தொழிற்சாலைக் கூடங்களைப் புதுப்பித்து, 2001 முதல் அங்கே பட்டறைகளை நடத்துகிறார்கள். பரப்பளவு ஏறத்தாழ 20,000 சதுர மீட்டர். தச்சர்கள், கொல்லர்கள், சிற்பிகள், ஓவியர்கள், தையற்கலைஞர்கள் எனச் சுமார் 150 பேர் அங்கே வேலை செய்கிறார்கள். கூடங்களுக்கு மூவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்: இயக்குநர் லுக்கினோ விஸ்கோந்தி, காட்சியமைப்பாளர் நிக்கோலா பெனுவா, உடை வடிவமைப்பாளர் கரம்பா. நான் மேலே சொன்ன வியன்னா 'டோஸ்கா'வின் காட்சியமைப்பு இந்தப் பெனுவாவினுடையதுதான். கரம்பா என்ற பெயரில் அறியப்பட்ட லூயிஜி சப்பெல்லி, 1926இல் புச்சினியின் 'துராந்தோத்' ஓபரா முதன்முதலாக அரங்கேறியபோது அதன் உடைகளை வடிவமைத்தவர். ஒரு தையல்காரரின் உலகத்தைச் சேர்ந்தவரின் பெயர் இயக்குநரின் பெயருக்குச் சமமாக ஒரு கட்டடத்தின் மேல் இருப்பதைக் கண்டு நான் மிகவும் மகிழ்ந்தேன்.

செட் வேலை, வடிவமைப்பாளர் செய்து தரும் சிறிய மாதிரியில் தொடங்குகிறது. பல அரங்குகளில் இது 1:25 அளவில் இருக்கும். அதைத் தொழில்நுட்பப் பிரிவினர் வரைபடமாக்கி, எந்தச் சுவரை எத்தனை துண்டுகளாகப் பிரிப்பது, எவற்றுக்குச் சக்கரம் வைப்பது, எவற்றை மேலிருந்து கம்பிவடத்தில் தொங்கவிடுவது என்று முடிவு செய்கிறார்கள். லாரியில் ஏறாத துண்டு பயன்படாது. இடைவேளைக்குள் மேடையிலிருந்து அகற்ற முடியாத துண்டும் பயன்படாது. எனவே பார்வைக்கு ஒரே கல்லில் குடைந்ததுபோலத் தோன்றும் மண்டபம், பின்புறம் சென்று பார்த்தால் எண்ணிடப்பட்ட மரச்சட்டங்களும் போல்ட்டுகளும் கீல்களுமாக இருக்கிறது. சிலைகளையும் தூண்களையும் தெர்மோகோல் கட்டிகளில் செதுக்கி, மேலே துணி ஒட்டி, பசையும் பூச்சும் ஏற்றி உறுதியாக்குகிறார்கள். மரமும் துணியும் எளிதில் தீப்பற்றாதபடி பதப்படுத்தப்பட வேண்டும். 1881இல் வியன்னாவின் ரிங் அரங்கம் பார்வையாளர்களோடு எரிந்தது. வெனிஸின் லா ஃபெனீச்சே 1996இல் எரிந்து அழிந்தது. இத்தகைய வரலாறு உள்ள துறை இதில் சமரசம் செய்துகொள்வதில்லை.

மேடையின் பின்னணியாகத் தொங்கும் படுதாக்களைத் தீட்டும் கூடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். இத்தாலிய மரபில் துணியைத் தரையில் விரித்து, ஓரங்களை ஆணியடித்து இறுக்கி, அதன்மேல் நடந்தபடியே ஓவியர்கள் தீட்டுகிறார்கள். தூரிகைகளுக்குத் துடைப்பம்போல நீண்ட கைப்பிடி உண்டு. குனியாமல் நின்றவாறே, தோளையும் இடுப்பையும் அசைத்துக் கோடு இழுக்கிறார்கள். சிறிய மூல ஓவியத்தின்மேல் கட்டங்கள் வரைந்து, அதே கட்டங்களைத் துணியின்மேல் பெரிதாக்கி, கரிக்கோலால் முதல் வடிவத்தைப் போட்ட பிறகே வண்ணம் ஏறுகிறது. துணிக்கு அருகில் நின்று பார்த்தால் பழுப்புத் திட்டுகளும் ஒழுங்கற்ற நீலத் தீற்றல்களும்தான் தெரிகின்றன. மேலே உள்ள நடைபாலத்தில் ஏறிக் கீழே நோக்கினால், அதே திட்டுகள் ஒன்றுசேர்ந்து மாலை வெயில் விழுந்த மலைச்சரிவாகிவிடுகின்றன. சுமார் 2,000 பேர் அமரும் அரங்கில், கடைசி மாடத்திலிருந்து பார்ப்பவருக்கும் அந்த மலை மலையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நுணுக்கத்தை எங்கே விட்டுவிட வேண்டும் என்பதை அந்த ஓவியர்கள் கற்றிருக்கிறார்கள். 1963இல் லீலா டி நோபிலி 'ஐதா' ஓபராவுக்காக வடிவமைத்த, ஓவியப் படுதாக்களாலான காட்சியமைப்பை லா ஸ்காலா 2018இல் மீண்டும் மேடையேற்றியது. 55 ஆண்டுகளுக்குப் பிறகும் தீட்டிய துணி தன் வேலையைச் செய்தது என்பது எனக்கு வியப்பை விட மரியாதையையே தருகிறது.

இனி என் தொழிலுக்கு நெருங்கிய பகுதிக்கு வருகிறேன். அந்தப் பட்டறைகளின் சேமிப்பில் 60,000க்கும் மேற்பட்ட உடைகள் இருக்கின்றன. தயாராகும் முறை நமக்குத் தெரிந்ததுதான்: வடிவமைப்பாளரின் ஓவியம், துணித் தேர்வு, விலை குறைந்த பருத்தித் துணியில் ஒரு மாதிரி, பாடகரின் உடலில் அதைப் போட்டுப் பார்த்துத் திருத்தம், பிறகு உண்மைத் துணியில் வெட்டு. ஆனால் ஒரு உடையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டியபோது, இது வேறு தொழில் என்று புரிந்தது. ஏற்றுமதி ஆடைகளில் தையலுக்காக நாங்கள் ஒரு சென்டிமீட்டர் விடுவோம். மிச்சப்படும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் எங்களுக்கு லாபக் கணக்கு. அங்கோ பக்கவாட்டிலும் முதுகிலும் நான்கு விரற்கடை அளவுக்குத் துணி உள்ளே மடித்து விடப்பட்டிருந்தது. நம் ஊர்த் தையல்காரர்கள் வளரும் பிள்ளைகளுக்கு "உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறேன், பிறகு பிரித்துக்கொள்ளலாம்" என்று சொல்வதன் நோக்கமே இங்கும்: அடுத்த முறை அந்தப் பாத்திரத்தை ஏற்கும் பாடகர் பருமனாக இருந்தால் பிரித்துவிட வேண்டும், ஒல்லியாக இருந்தால் பிடித்துத் தைக்க வேண்டும். கழுத்தின் உட்புறத்தில் தைத்த பட்டையில் பாத்திரத்தின் பெயரும் அதை அணிந்தவரின் பெயரும் எழுதப்பட்டிருந்தன. முதுகில் ஜிப்புக்குப் பதிலாகக் கொக்கிகள் வரிசையாக இருந்தன. ஒரு கொக்கி பிய்ந்தால் மற்றவை தாங்கிக்கொள்ளும், ஜிப் சிக்கினால் பாடகர் மேடைக்கே போக முடியாது.

உடைக்குள் ஒரு பாடகர் மூச்சு விட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஓபராவில் ஒலிபெருக்கியின் துணையின்றி, முழு இசைக்குழுவையும் மீறிக் குரல் கடைசி வரிசைக்குச் செல்ல வேண்டும். ஆகவே இடுப்பை இறுக்குவதுபோல் தோன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கச்சையிலும் விலா எலும்புகள் விரிய இடம் விட்டுத்தான் வெட்டுகிறார்கள். தலைப்பாகையும் கிரீடமும் காதை அடைத்தால், பாடுபவருக்கு இசைக்குழு கேட்காது. போர்வீரர்களின் இரும்பு வலைக் கவசத்தைப் பருமனான நூலில் பின்னி வெள்ளி வண்ணம் பூசுவது இத்துறையின் பழைய உத்தி. எடை குறையும், ஓசையும் எழாது. செட்டுக்கும் இதே கவலை உண்டு. பாடகருக்குப் பின்னால் திடமான மரச்சுவர் இருந்தால் குரல் பார்வையாளர்களை நோக்கித் திரும்பும்; மெல்லிய துணி மட்டுமே இருந்தால் குரலில் ஒரு பகுதி மேடைக்குள்ளேயே தொலைந்துபோகும்.

அண்மைக் காலமாகப் பல அரங்குகளில் ஒளிவீச்சால் திரையில் காட்டும் படங்களும் எல்இடி திரைகளும் படுதாக்களின் இடத்தைப் பிடித்து வருகின்றன. செலவும் சேமிப்பிடமும் குறையும் என்பது நியாயமான காரணமே. ஆயினும் பட்டறையை மூடிவிட்டு, தேவைப்படும்போது வெளியாரிடம் வேலையைக் கொடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பழைய உடையை எங்கே பிரித்தால் குலையாது என்பதும், ஐம்பது ஆண்டுக்கு முந்தைய படுதாவில் எந்த வண்ணம் எதன்மேல் ஏறியிருக்கிறது என்பதும், அதே கூடத்தில் மூத்தவரின் அருகே நின்று வேலை செய்தவருக்கே தெரியும். ராயல் ஓபரா 2010இல் லண்டனுக்கு வெளியே பர்ஃப்ளீட்டில் செட் பட்டறையையும், 2015இல் அதனருகே உடைகளுக்கான மையத்தையும் தனக்கெனக் கட்டிக்கொண்டது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

மிலான் பக்கம் செல்பவர்கள் அன்சால்டோ பட்டறைகளைப் பார்க்க முன்பதிவு செய்துகொள்வது நல்லது. இத்தொழிலைக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு, லா ஸ்காலாவின் பயிற்சிக் கழகத்திலேயே மேடை உடைத் தையலுக்கும் காட்சியமைப்புக்கும் தனித்தனி வகுப்புகள் இருக்கின்றன. ஆடை வடிவமைப்புப் படிக்கும் நம் மாணவர்கள் பெரும்பாலும் ஃபேஷன் நிறுவனங்களை மட்டுமே நோக்கி விண்ணப்பிக்கிறார்கள். வெட்டுவதிலும் தைப்பதிலும் உண்மையான விருப்பம் உள்ளவர்கள் இந்தப் பக்கமும் விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும்.