மகள் எழுதப் போகிறேன் என்கிறாள்

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை கோலாலம்பூர் செந்தூலில் இருந்து மகளோடு வந்தீர்கள். "ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். பரீட்சை முடிச்சிட்டு எழுத்தாளராத்தான் ஆவேன்னு நிக்கிறா, நீங்களே எடுத்துச் சொல்லுங்க சார்" என்றீர்கள். அன்று அவசரத்தில் சொல்ல விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

அவள் காட்டிய நோட்டில் 11 கதைகள் இருந்தன. ஒன்றுகூட முடியவில்லை. ஆனால், விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்பும் பாட்டியைப் பற்றிய பக்கத்தில் என் கண் நின்றுவிட்டது. காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலின் வாசத்தை 'ஒட்டுப்பால் மணம்' என்று எழுதி, மணத்தை அடித்து 'நாற்றம்' என்று போட்டிருக்கிறாள். அதையும் அடித்துவிட்டு 'வாடை' என்று எழுதியிருக்கிறாள். வேலை முடிந்து தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பும் பாட்டியின் சேலைக்கு அந்தச் சொல்தான் சரி. ஒரு சொல்லுக்காக இவ்வளவு மெனக்கெடும் பிள்ளையிடம் "இதெல்லாம் விளையாட்டு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பயமும் நியாயமானது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019இல் நின்றுபோனது. தமிழில் கதை எழுதியே வீட்டு வாடகை கட்டுகிறவர் யாரையும் இங்கே நான் பார்த்ததில்லை. அவளிடமும் இதை மறைக்கவில்லை. சோற்றுக்கு ஒரு வேலை கட்டாயம் வேண்டும்.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். செலவு குறைவு, அங்கே எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். எல்லாப் பள்ளியிலும் தமிழ் இருக்காது, முன்கூட்டியே விசாரியுங்கள். அதன்பின் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. ஆசிரியராக விருப்பமிருந்தால் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலையையும் யோசிக்கலாம். தமிழும் மலாயும் ஒருசேரக் கைவந்தவர்களுக்கு அது நல்ல அரசாங்க வேலை. நாள் முழுக்கப் பிறருக்காக எழுதித்தரும் வேலையை மட்டும் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டாம் என்பேன். இரவில் தன் கதையைத் தொடவும் தெம்பில்லாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி எழுத்துப் பழக்கம். "மூட் வந்தா எழுதுவேன்" என்றாள். அதனால்தான் 11 கதைகளும் பாதியில் நிற்கின்றன. தினமும் ஒரே நேரம், அரை மணி போதும். பசியாறுவதற்கு முன்பா, இரவு எல்லோரும் படுத்த பிறகா, அவளே முடிவெடுக்கட்டும். அந்த அரை மணியில் கைப்பேசி உங்கள் அறையில் இருக்கட்டும். எழுத ஒன்றும் வராத நாளிலும் அங்கேயே உட்கார்ந்து நல்ல கதை ஒன்றை வாசிக்கலாம். பரீட்சைக் காலத்தில் பத்து நிமிடமாகக் குறைத்தாலும் சரி, விட்டுவிடக் கூடாது. ஒரு மாதம் விட்டுப்போனால் மறுபடி உட்காருவது மலையேறுவது போல ஆகிவிடும்.

புதுக்கதை தொடங்க ஆசை வந்தால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி குறித்துவிட்டு, கையிலிருக்கும் கதைக்கே திரும்ப வேண்டும். எவ்வளவு மோசமாக வந்தாலும் முடித்துவிட வேண்டும். முடித்ததை இரண்டு வாரம் மூடி வைத்து, பிறகு வாய்விட்டு வாசிக்கட்டும். நாக்கு தடுக்கும் இடத்தில்தான் வாக்கியம் கெட்டிருக்கும். அதன்பின் நாளிகையின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பலாம். எந்தக் கதை, எங்கே, எந்தத் தேதியில் அனுப்பினாள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். பதில் வராமல் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். காத்திருக்கும் நாளில் அடுத்த கதை ஓடிக்கொண்டிருந்தால் அவ்வளவாக வலிக்காது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அந்த அரை மணியில் கடைக்குப் போகச் சொல்லாதீர்கள். அவள் கொடுக்காமல் நோட்டைத் திறக்காதீர்கள். வீட்டில் யாரோ படிப்பார்கள் என்ற பயம் வந்துவிட்டால் பிள்ளை உண்மையை எழுத மாட்டாள்.

பாட்டி உங்களோடுதான் இருக்கிறார் என்றீர்கள். பெரட்டில் யார் பெயர் கூப்பிடுவார், பால் பிடிக்கும் மங்கு நிறைய எவ்வளவு நேரமாகும், மழை பெய்தால் அன்றைய சம்பளம் என்னவாகும் என்று மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். முதலில் அந்தக் கதையை முடிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது எஸ்.பி.எம். முன்தேர்வு மதிப்பெண்களோடு அதையும் எடுத்து வாருங்கள், இரண்டையும் பார்த்துவிட்டுப் பேசுவோம்.