இணையதளத்தில்: 'இன்'னா, 'ஆன்'னா?

அன்புள்ள ஐயா,

மென்பொருள் நிறுவனமொன்றில் ஆங்கிலத்தில் பயனர் கையேடு எழுதுகிறேன். சென்ற வாரம் நான் எழுதிய பக்கத்தில் 'இன் தி வெப்சைட்', 'ரன்ஸ் இன் லினக்ஸ்', ஒரே சொல்லாக எழுதிய 'லாகின் டு' ஆகிய மூன்றையும் மேலாளர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். 'கிளிக் ஆன் தி பட்டன்' என்பதை மட்டும் விட்டுவைத்தார். எங்கே 'இன்', எங்கே 'ஆன்' என்று மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லையா?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

கோப்பில், திரையில், வரியில் என எல்லாவற்றுக்கும் 'இல்' என்ற ஒற்றை உருபே நமக்குப் போதும். இடப்பொருள் உருபுகளாக மேல், கீழ், உள், புறம் என நன்னூல் நீளமாக அடுக்கினாலும், தேவை வந்தாலன்றி நாம் அவற்றைத் தொடுவதில்லை. ஆங்கிலத்திலோ ஒவ்வொரு முறையும் உள்ளா, மேலா என்று சொல்லியே ஆகவேண்டும். எனவே 'இல்' என்பதை மொழிபெயர்க்காமல், அந்தப் பொருளை ஆங்கிலம் பேசுவோர் எந்த உருவில் மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃபைல், ஃபோல்டர், டேட்டாபேஸ் ஆகியவை பெட்டிகள், அவற்றுக்கு 'இன்'. திரை, டெஸ்க்டாப், வலைப்பக்கம் ஆகியவை பரப்புகள்; அவற்றுக்கு 'ஆன்'. வெப்சைட்டும் பக்கத்தின் வழியே சென்று 'ஆன்' பெற்றுவிட்டது. லினக்ஸ் என்பது நிரல் ஏறி நிற்கும் தளம் என்பதால் 'ரன்ஸ் ஆன் லினக்ஸ்'. பிரவுசர் ஒரு சாளரம் என்பதால் அதற்கு 'இன்'. பழைய கையேடுகளில் 'அண்டர் டாஸ்' என்றும் காணலாம். அங்கே இயங்குதளம் தரையாக அல்லாமல் மேற்பார்வையாளராக நிற்கிறது.

இந்த உருவங்கள் எல்லோருக்கும் ஒன்றுபோல இருப்பதில்லை. நிரலின் பன்னிரண்டாம் வரியில் பிழை நேர்ந்தால் பிஎச்பி என்னும் நிரல்மொழி கோப்பின் பெயருக்கு முன் 'இன்' என்றும் வரி எண்ணுக்கு முன் 'ஆன் லைன் 12' என்றும் அச்சிடும். பெர்ல் என்னும் நிரல்மொழியோ கோப்பின் பெயருக்கு முன் 'அட்' போட்டு, வெறுமனே 'லைன் 12' என்று முடித்துக்கொள்ளும். இரண்டும் சரியே. இத்தகைய இடங்களில் இலக்கணத்தோடு மல்லுக்கட்டாமல் உங்கள் நிறுவனத்தின் எழுத்துநடை விதிகளைத் தொகுத்த நடைக்கையேட்டைப் பின்பற்றுங்கள்.

'லாகின்' கதை வேறு. ஒரே சொல்லாக எழுதினால் அது பெயர்ச்சொல். வினையாகும்போது 'லாக்', 'இன்' என இரண்டாகப் பிரியும். 'டு' அதற்கு வெளியே தனியாக நிற்கும். 'கணக்கில் உள்நுழைக' என்னும் தமிழ்த் தொடரில் 'உள்' வினையோடு ஒட்டியிருக்க, 'இல்' கணக்கோடு போய்விடுவதைக் கவனியுங்கள். அதே அமைப்புதான் இதுவும். 'இன்டு' என்று சேர்த்து எழுதுவோரும் உண்டு. மைக்ரோசாஃப்டின் நடைக்கையேடு 'லாக்' என்ற வினையையே தவிர்த்து 'சைன் இன் டு' என்று எழுதச் சொல்கிறது. பேச்சில் இந்த வேறுபாடு காதில் விழுவதே இல்லை, எழுத்தில்தான் வம்பு.

மேலாளர் விட்டுவைத்த 'கிளிக் ஆன்' தொடரில் 'ஆன்' தேவையில்லை என்கிறது கூகுளின் நடைக்கையேடு. அந்த ஒன்றை மட்டும் நீங்களே சுழித்து அவருக்கு அனுப்பலாம்.