பவுலிங் லேனில் எண்ணெய் எதற்கு?

கேள்வி: அண்ணே, தோஹாவில் ஒரு பவுலிங் சென்டரில் ஹெல்பர் வேலைக்கு விசா வந்திருக்கிறது. பந்தை உருட்டிப் பின்களைச் சாய்ப்பார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்கள் துபாயில் லேன் மெக்கானிக்காக இருந்தவராமே. அந்த லேன் எப்படி இருக்கும், எதற்கு என்ன பெயர் என்று சொல்லுங்களேன்.
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: நல்ல வேலைதான் தம்பி, நாள் முழுக்க ஏசி. ஆட்டக்காரர் நடந்து வந்து பந்தை விடும் தளம் அப்ரோச். குறைந்தது 15 அடி. அது முடியும் இடத்தில் குறுக்கே ஃபவுல் லைன். பந்தை விடும்போது கால் அதைத் தாண்டினால், எத்தனை பின் விழுந்தாலும் பூஜ்ஜியம்தான். அந்தக் கோட்டிலிருந்து பந்து உருளும் பாதைதான் லேன், முதல் பின் வரை 60 அடி. அகலம் மூன்றரை அடிக்குள். இரண்டு ஓரமும் கட்டர் என்ற வாய்க்கால். அதில் இறங்கிய பந்து போனது போனதுதான்.

பழைய லேன்களில், வள்ளத்துக்குப் பலகை சேர்ப்பதுபோல, 39 பலகைகளை நீளவாக்கில் நெருக்கிச் சேர்த்திருப்பார்கள். பந்து வந்து விழும் முன்பகுதிக்கும் பின் நிற்கும் இடத்துக்கும் கெட்டியான மேப்பிள், நடுவில் பைன். இப்போது பெரும்பாலும் சிந்தெடிக். பலகைக் கோடெல்லாம் வெறும் அச்சு. ஆனாலும் கணக்கு பலகையில்தான். ஃபவுல் லைனிலிருந்து 15 அடி வாக்கில் ஏழு அம்புக்குறிகள் இருக்கும், ஐந்து பலகைக்கு ஒன்று. பழகிய ஆள் தூரத்துப் பின்னைப் பார்ப்பதில்லை, பக்கத்து அம்பைப் பார்த்துத்தான் விடுவார்.

அப்புறம் எண்ணெய். வேலையில் உங்களைத் திட்டு வாங்க வைக்கப்போவது இதுதான். லேனின் முதல் 40 அடி வாக்கில் மெல்லிசாக எண்ணெய் பூசியிருப்பார்கள். நடுவில் தாராளம், ஓரத்தில் சிக்கனம். சுழற்றி விட்ட பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டே போய், காய்ந்த கடைசிப் பகுதியில் பிடிமானம் கிடைத்ததும் வளையும். எண்ணெய் போடும் மெஷின் முதலில் பழையதைத் துடைத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். துடைப்பது சரியில்லை என்றால், "நேற்று வளைந்த பந்து இன்று நேராகப் போகிறதே" என்று வாடிக்கையாளர் கவுண்டருக்கு வந்துவிடுவார். திரும்பி வரும் பந்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மேலே வளையம் வளையமாக எண்ணெய்க் கோடு தெரியும். ஃபவுல் லைனைத் தாண்டி லேனில் இறங்கினால் உங்கள் ஷூவிலும் அந்த எண்ணெய் ஒட்டும். அந்த ஷூவோடு அப்ரோச்சுக்குத் திரும்பினால் ஆட்டக்காரர் வழுக்கி விழுவார், எனவே அடிப்பாகத்தைத் துடைக்காமல் மேலே வராதீர்கள்.

கடைசியில் பின் டெக். 15 அங்குல உயரமுள்ள பத்து பின்கள், மையத்துக்கு மையம் 12 அங்குலத்தில், முக்கோணமாக நிற்கும். தலைப் பின் 1. பின்வரிசையில் இடது மூலை 7, வலது மூலை 10. அதற்கும் பின்னால் பள்ளம், மேலே பின்களை எடுத்து நிறுத்தும் மெஷினான பின்செட்டர். பின் சிக்கிவிட்டது என்று சட்டென்று கையை விட்டுவிடாதீர்கள். எத்தனை பேர் கத்தினாலும் சரி, சுவிட்சை அணைத்துவிட்டு, மெஷின் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.