அப்பா கையெழுத்து இல்லாமல் மகன் பெயரில் கணக்கு தொடங்க முடியாதா?

கணவர் பிரிந்து போய் 4 வருடம் ஆகிறது, விவாகரத்து ஆகவில்லை. 9 வயது மகன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கப் போனால் அப்பா கையெழுத்து கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கோர்ட்டில் கார்டியன் (காப்பாளர்) ஆர்டர் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறாராம். ‘ஆணும் பெண்ணும் சமம் என்கிற அரசியல் சாசனம் எங்கே போனது?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில், அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தாயைக் காப்பாளராக வைத்து மைனர் கணக்கு தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 1976-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். கட்டணம் கிடையாது.

இப்போது சாசனக் கேள்வி. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், பிரிவு 6, தந்தைதான் இயற்கைக் காப்பாளர் (கோர்ட் நியமிக்காமலே காப்பாளர் ஆகிறவர்), ‘அவருக்குப் பிறகு’ தாய் என்கிறது. 1984-ல் மகன் பெயரில் முதலீட்டுப் பத்திரம் வாங்க விண்ணப்பித்த எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம் தந்தையின் கையெழுத்தைக் கேட்டது, அதே ரிசர்வ் வங்கிதான். அவர் வழக்குப் போட்டார். 1999-ல் உச்ச நீதிமன்றம், ‘பிறகு’ என்றால் இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, தந்தை பொறுப்பில் இல்லாதபோதும்தான் என்றது. உங்கள் நிலைமை அதற்குள் வருகிறது.

ஆனால் ‘பிறகு’ என்கிற அந்தச் சொல்லையே சமத்துவத்துக்கு விரோதம் என்று வெட்டி எறிந்திருக்கலாம். அர்த்தத்தை மட்டும் நீட்டி, சொல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். இருவரும் சமம் என்றிருந்தால் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. இன்று அப்பா ஏன் இல்லை என்று விளக்கும் வேலை அம்மாவின் தலையில்தான் விழுகிறது. தந்தைக்குத் தரும் முன்னுரிமையை நீக்கச் சொல்லி 2015-ல் சட்ட ஆணையமும் அறிக்கை கொடுத்தது. பிரிவு 6 மாறவில்லை. எத்தனை அறிக்கைதான் வேண்டும்?

இடைத்தரகர்கள் பிழைப்பதே ‘பிறகு’ என்கிற இந்த ஒரு சொல்லால்தான். ‘கணவர் இறந்துவிட்டார்னு ஒரு அபிடவிட் போட்டுடலாம்மா’ என்பார்கள். கையெழுத்து உங்களுடையது, பொய்க்கு வழக்கு வந்தால் நிற்கப்போவதும் நீங்கள்தான். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: பிரிந்து வாழ்கிறோம், பிள்ளை என் பொறுப்பில் இருக்கிறான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோர்ட் தேவை. பையன் பெயரில் வீடோ நிலமோ இருந்து, அதை விற்க, அடமானம் வைக்க, தானம் கொடுக்க, 5 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட நினைத்தால், அதே சட்டத்தின் பிரிவு 8-ன்படி நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். இது அப்பாவுக்கும் பொருந்தும். பள்ளிக் கட்டணத்துக்காக விற்றாலும் சரி, வாங்குபவர் ‘பரவாயில்லை’ என்றாலும் சரி, அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் பையன் 18 வயதுக்குப் பிறகு 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை ரத்து செய்யலாம். பத்திரம் பதிவாகிவிட்டதே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

அப்படி மனு போட வேண்டி வந்தாலும் தரகர் வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேராகப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.