வாசகர் கேள்வி: ஆளில்லாத ரயில் பெட்டி

கேள்வி: ஆங்கில ஓவியர் எரிக் ரவிலியஸ் 1940இல் வரைந்த 'ரயில் நிலக்காட்சி' என்ற படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். போர்க்கால ஓவியங்களோடு சேர்த்திருக்கிறார்கள். காலியான ரயில் பெட்டி. சன்னலுக்கு வெளியே குன்று. குன்றில் ஒரு வெள்ளைக் குதிரை. துப்பாக்கியும் இல்லை, புகையும் இல்லை. இதில் போர் எங்கே இருக்கிறது?
— ஒரு வாசகி, மோல்மேன், பர்மா

பதில்: சகோதரி, குன்றைப் பார்க்கும் முன் இருக்கைகளைப் பாருங்கள். மெத்தைத் துணியின் கோடுகள், கதவில் '3' என்ற எண், சன்னலை ஏற்றி இறக்கும் தோல்வார் எல்லாவற்றையும் எவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார்! மூன்றாம் வகுப்புப் பெட்டி. ஜனங்கள் நெருக்கியடித்து உட்காரும் இடம். ஒருவரும் இல்லை.

அந்தக் குதிரை இங்கிலாந்தில், வில்ட்ஷயரின் வெஸ்ட்பரி ஊருக்கருகே இருக்கிறது. புல்லையும் மண்ணையும் சீவி எடுத்ததால் அடியிலிருந்த சுண்ணாம்புப் பாறை தெரிந்து, குதிரையாயிற்று. நீர்வண்ணக்காரனுக்கு இது பழகிய வேலை. வெள்ளை வேண்டும் இடத்தில் தாளைத் தீட்டாமல் விட்டுவிடுவோம். ரவிலியஸ் உலர்ந்த தூரிகையால் மெல்லிய கோடுகள் இழுத்து, நடுவே தாள் தெரியும்படி விடுவார். எதை விட வேண்டும் என்று அறிந்த கை அது. இந்தப் படத்தில் அவர் மனிதர்களை விட்டுவிட்டார்.

என் தந்தை 1942இல் ரங்கூனிலிருந்து நடந்தே இந்தியா போனவர். 1941 டிசம்பர் 23 அன்று ஊரில் விழுந்த குண்டுகளைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவு திறந்து கிடந்ததையும், ஆட்டுக்கல்லில் பாதி அரைத்த மாவு புளித்துப் பொங்கியிருந்ததையும்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். அந்த ஆட்டுக்கல்லை நான் கண்டதில்லை. இந்த இருக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் அது கண்முன் வருகிறது.

மோல்மேன்காரரான உங்களுக்குத் தன்பியூசாயத் தூரமில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் கூலிகளையும் வைத்து சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதையின் பர்மா முனை அது. போர்க்கைதிகளின் கல்லறைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு அந்தப் பாதையில் மாண்ட நம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த வரிசைகளில் இடமில்லை. ஒரு பிற்பகல் அங்கே உட்கார்ந்து எதிரே தெரியும் ரப்பர் மரங்களை வரைந்து பாருங்கள். உங்கள் படத்திலும் துப்பாக்கி இருக்காது.

கேள்வி: ஓவியர் போரிலேயே இறந்தார் என்று அதே புத்தகத்தில் இருக்கிறது. அது தெரிந்ததால்தான் படம் எனக்குச் சோகமாகப் படுகிறதோ?
— அதே வாசகி

பதில்: இருக்கலாம். போர் ஓவியராக அரசு அவரை அமர்த்தியிருந்தது. 1942 செப்டம்பர் 2 அன்று ஐஸ்லாந்தில், காணாமல் போன ஒரு விமானத்தைத் தேடிப் போன விமானத்தில் அவரும் ஏறினார். அதுவும் திரும்பவில்லை. வயது 39.

ஆனால் 1940இல் தூரிகை பிடித்த கைக்கு அது தெரியாது. அதனால் அந்தத் தேதியை ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். படத்தில் இருப்பது நல்ல பகல் வெளிச்சம். எனக்கு அங்கே துக்கம் தெரியவில்லை. முந்தின ஸ்டேஷனில் யாரோ ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை; வண்டி கிளம்பிவிட்டது.