ஓடும்போது பருத்தி டி-ஷர்ட் போதுமா? மழைக்கும் குளிருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டுமா?

நான் திருப்பூர்க்காரி. அப்பா முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எங்கள் வீட்டில் பாலியெஸ்டர் என்று சொன்னாலே முகம் சுளிப்பார்கள். அதனால் 'பருத்தியைக் குறை சொல்கிறாயா' என்று கமெண்ட் போட வருபவர்கள் முழுசாகப் படித்துவிட்டுப் போடுங்கள். ஆபீசுக்கும் வீட்டுக்கும் இன்றைக்கும் நான் பருத்திதான் உடுத்துகிறேன்.

நீங்கள் இப்போதுதான் ஓட ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூணு, நாலு கிலோமீட்டருக்கு இருக்கிற டி-ஷர்ட்டே போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் சிக்கல்.

சென்னையில் என் முதல் 21 கிலோமீட்டர் ஓட்டம். ஜனவரி மாதம், விடிகாலை. வெயிலே இல்லையே என்று நல்ல பருத்தி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போனேன். கடற்கரை ஈரக்காற்றில் வேர்வை எங்கே காய்வது? பருத்தி அதை அப்படியே குடித்துக்கொண்டது. பாதித் தூரத்திலேயே ஈரத்துண்டைப் போர்த்திய மாதிரி கனத்தது. வீட்டுக்கு வந்து தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதும் அலறிவிட்டேன். இரண்டு அக்குளிலும் தோல் உரிந்திருந்தது.

அப்பா அந்த டி-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பி, கைக்குழித் தையலில் கட்டைவிரலை ஓட்டிக் காட்டினார். "ஓவர்லாக் அம்மிணி இது. மேடு கட்டி நிக்குது பாரு. நனைஞ்ச துணியில ரெண்டு மணி நேரம் இது உரசுனா தோலு என்னத்துக்கு ஆகும்? மேடு இல்லாமத் தட்டையா, பிளாட்லாக் அடிச்சதாப் பாத்து வாங்கோணும். ஓடறதுக்குப் பாலியெஸ்டரே எடுத்துக்க." அதை அவர் வாயால் கேட்டேன்!

பாலியெஸ்டரும் சென்னைப் புழுக்கத்தில் முழுசாகக் காயாது, உண்மைதான். ஆனால் இழைக்குள் தண்ணீரை அவ்வளவாக வாங்காது, அதனால் பருத்தி அளவுக்குக் கனக்காது. கடையில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கண்ணி தெரிகிற மெல்லிசாக இருக்கட்டும். உரசுகிற இடத்தில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ரெயின்கோட் வேண்டாம், உள்ளே வேர்த்தே நனைந்துவிடுவீர்கள். கண்ணில் தண்ணீர் விழாமல் முன்விளிம்பு நீட்டிய தொப்பி போதும். சாக்ஸும் பருத்தியில் கூடாது, கொப்புளம் வரும்.

குளிருக்கு என் அனுபவம் ஊட்டி. ஸ்வெட்டரோடு ஓடினேன். கொஞ்ச தூரத்தில் வேர்த்துக் கழற்றினேன், நனைந்த உடம்பில் காற்றுப் பட்டு நடுங்கிவிட்டேன். ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லிய முழுக்கைச் சட்டை, மேலே காற்றைத் தடுக்கும் ஒரு விண்ட்சீட்டர், கையுறை போதும். முதல் பத்து நிமிஷம் லேசாகக் குளிர்ந்தால்தான் அளவு சரி.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டப் போட்டிக்குப் பணம் கட்டும்போது அவர்கள் தரும் டி-ஷர்ட்டுக்குப் படிவத்தில் சைஸ் கேட்கிறார்கள். 'எஸ்' என்று போட்டேன். போய் நின்றால் "லேடீஸ் சைஸ் தீர்ந்துடுச்சு மேடம்" என்று ஆண்களுக்கான எக்ஸ்எல்லை நீட்டுகிறார்கள். இதுவரை மூன்று முறை. பெண்கள் வருவார்கள் என்று தெரிந்துதானே பணம் வாங்கினீர்கள்? துணி ஊரில் பிறந்த எனக்கு இது பொறுக்கவில்லை.

துவைப்பதைப் பற்றி ஒன்று: வாசனைக்காகக் கடைசித் தண்ணீரில் விடுவோமே, அந்தக் கண்டிஷனரை ஓடுவதற்கான பாலியெஸ்டர் துணிக்கு விடாதீர்கள். இழையில் படிந்து, வேர்வை பரவிக் காய்வதைக் கெடுத்துவிடும். ஓடி வந்ததும் அலசி நிழலில் காயப்போடுங்கள், நாற்றம் தங்காது.